கிங்டம் ஹார்ட்ஸ்: குழப்பம் கதையிலா, விமர்சனத்திலா?

கிங்டம் ஹார்ட்ஸ் வரிசை வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் ஒரு சொல் தேய்ந்துபோகும் அளவுக்குப் புழங்கியிருக்கிறது: குழப்பம். 2002இல் முதல் பாகம் வந்தபோது டிஸ்னியின் டொனால்ட் வாத்தையும் ஃபைனல் ஃபேண்டஸியின் கிளவுடையும் ஒரே உலகில் உலவவிட்டது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதல்லவா என்று ஐயுற்றவர்கள், ஆடிப் பார்த்தபின் அந்த முடிச்சை மெச்சினார்கள். பின்வந்த பாகங்களில்தான் கதை சிக்கலாகிவிட்டது என்ற பல்லவி தொடங்கியது. நாம் மறுப்பது இந்தப் பல்லவியைத்தான்.

முதலில், சிக்கல் எங்கிருந்து வந்தது? 2004இல் வெளியான செயின் ஆஃப் மெமரீஸ் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்கு வந்தது. சீட்டுகளைக் கொண்டு சண்டையிடும் ஆட்டம் அது. அதைக் 'கிளைக்கதை' என்று ஒதுக்கிவிட்டு, பிளேஸ்டேஷன் 2இல் இரண்டாம் பாகத்தை எடுத்தவர்களுக்கு நாயகன் சோரா ஏன் உறங்குகிறான் என்பதே விளங்கவில்லை. விளங்காததில் வியப்பென்ன? நடு அத்தியாயத்தைக் கிழித்தெறிந்துவிட்டு நாவல் புரியவில்லை என்று சொல்வதை இலக்கிய உலகில் யாரும் விமர்சனம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கதையைப் பல கருவிகளில் சிதறடித்தது வணிகத்தின் பிழை. அதைக் கண்டியுங்கள், உடன் நிற்போம். இயக்குநர் டெட்சுயா நொமுராவின் கதைசொல்லல்மீது அந்தப் பழியைச் சுமத்தாதீர்கள். பழைய பாகங்கள் திருத்திய தொகுப்புகளாக 2013 முதல் வெளிவந்து, 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கும் வந்துவிட்டன. அதன்பின்னும் 2019இல் மூன்றாம் பாகத்தை மதிப்பிட்டவர்களில் பலர் பழைய பல்லவியையே பாடினார்கள்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். நாயகன் இல்லாமல் சில மணிநேரம் நகரும் பகுதி அது. ரோக்ஸஸ் என்னும் சிறுவன் அந்தி நகரத்தில் கோடை விடுமுறையின் கடைசி நாட்களைக் கழிக்கிறான். கடற்கரைக்குப் போகக் காசு சேர்க்கச் சில்லறை வேலைகள் பார்க்கிறான். நண்பர்களோடு மணிக்கூண்டின்மேல் அமர்ந்து உப்புச்சுவைப் பனிக்கூழ் தின்கிறான். 'இழுவை' என்றன பல விமர்சனங்கள். தான் சோராவிலிருந்து பிரிந்துபோன ஒரு பாதி, அவன் கண்விழிக்கவேண்டுமானால் தான் இல்லாமல் போகவேண்டும் என்று அச்சிறுவன் அறியும் கணத்தின் வலி, அந்த 'இழுவை'யில் அவனோடு வாழ்ந்தவருக்கே கிட்டும். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். நாயகன் எழுகிற வேளையில் மகிழவும் முடியாமல் ஆட்டக்காரர் கையறுநிலையில் நிற்கிறாரே, வாள் சுழற்றும் விளையாட்டு ஒன்றில் இது எத்தனை அரிது! அதற்கு விடையாகக் கிடைத்தது வேகம் போதாது என்ற குறிப்பு.

குறையே இல்லை என்று வாதாட நாம் வழக்கறிஞர்கள் அல்லர். முதல் பாகத்தின் கேமரா பொறுமையைச் சோதிப்பது. கம்மி கப்பல் பயணங்களைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம். மெய்யான குறை வேறு. மூன்றாம் பாகத்தின் அரெண்டெல் உலகில் ஃப்ரோஸன் படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சி ஏறத்தாழ அப்படியே படியெடுக்கப்பட்டிருக்கிறது. சோராவும் தோழர்களும் வேடிக்கை பார்க்கிறார்கள், பனிமலையிலிருந்து திரும்பத் திரும்பக் கீழே தள்ளப்படுகிறார்கள். அந்த உலகில் அவர்களுக்குக் கதையே இல்லை. அதே விளையாட்டின் டாய் ஸ்டோரி உலகமோ புதிதாகப் புனையப்பட்டது. அங்கே பொம்மைக் காவலன் வுடி, இளம் ஸெஹனார்ட்டை நேருக்கு நேர் நின்று இடித்துரைக்கிறான். இரு புனைவுலகங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசும் இடம் அதுவே. கலப்புப் புனைவு என்னும் வடிவத்தை அளக்க உரைகல் இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் கிடக்கிறது. 'குழப்பம்' என்று எழுதிப் பத்துக்கு எட்டு என மதிப்பெண் இட்டு நகர்ந்தவர்கள் அதை எடுத்து உரசிப் பார்க்கவேயில்லை.