ஃபோர் பை ஃபோர் சூரர்களே, ஒரு நிமிஷம்

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு வாரமா ஆளைக் காணோம். இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன்.

மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை. அம்பத்தூர்ல என்கூட வேலை பார்க்கிற நண்பன் புதுசா ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருந்தான். "மச்சி, நாலு சக்கரமும் இழுக்கும், எங்க வேணா போகலாம்"னு ஆவடி தாண்டி ஒரு ஏரிக்குள்ள இறக்கினான். மேல காஞ்ச பொருக்கு, கீழ களிமண். அம்பது அடி போகலை, உக்காந்துடுச்சு.

நாலு சக்கரமும் இழுக்கும்ங்கிறதே பாதி உண்மைதான். டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில பிடிமானம் இல்லாத சக்கரம் சும்மா சுத்தும், பிடிமானம் இருக்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். லாக் இருந்தாலும், டயர் இடுக்குல களிமண் அப்பிக்கிச்சுன்னா வழுக்கல்தான். நம்மாளு ஆக்ஸிலேட்டரை மிதி மிதின்னு மிதிச்சதுல வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கிச்சு. 1965 போர்ல, பஞ்சாப் அசல் உத்தர்ல, வயல்ல தண்ணியைத் திறந்துவிட்டு பாட்டன் டாங்குகளையே சேத்துல சிக்க வெச்சாங்க நம்ம ராணுவத்துக்காரங்க. 40 டன்னுக்கு மேல எடையுள்ள டாங்குக்கே அந்தக் கதி. டாங்க் செய்யுற ஆவடிக்குப் பக்கத்துல இருந்துகிட்டு இது தெரியலைன்னா எப்படி சாமி?

சரி, மாட்டியாச்சு. அப்போ செய்ய வேண்டியது என்ன? முதல்ல காலை எடுக்கணும். இறங்கி மண்வெட்டியால சக்கரத்துக்கு முன்னாடியும் வண்டி வயித்துக்கு அடியிலயும் சேத்தை வழிக்கணும். டயர் காத்தை 18, 20க்கு இறக்கினா டயர் தட்டையாகி அகலமாப் பிடிக்கும் (ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணும், மறந்துடாதீங்க). கல்லு, பலகை, ஓலை எதையாவது கீழே கொடுத்து, லோ கியர்ல மெதுவா நகர்த்தணும். ஒரு மணி நேர வேலை. சட்டை அழுக்காகும். அவ்வளவுதான்.

மணாலி பக்கம் பனியில மாட்டினாலும் இதே வைத்தியம்தான். கூடவே சைலன்ஸர் வாயை அடைச்ச பனியை முதல்ல தோண்டி எடுக்கணும். 2022 ஜனவரியில பாகிஸ்தான் முர்ரீயில பனியில சிக்கின கார்கள்ல 20 பேருக்கு மேல செத்தாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டு ஹீட்டருக்காக எஞ்ஜினை ஓட விட்டா, புகை உள்ளே வந்து தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

நாங்க என்ன செஞ்சோம்? மண்வெட்டி இல்லை. பக்கத்து வயல்ல இருந்து ஒரு டிராக்டர் அண்ணனைக் கூப்பிட்டோம். இரும்புச் சங்கிலி. நண்பன் அதை மாட்டினது அழகுக்கு வெச்ச பின் பம்பர்ல. "இழுங்கண்ணே, ஒரே ஜெர்க்கு!" சுத்தி இருபது பேர், பாதிப்பேர் கையில மொபைல். நானும் நின்னேன், மறைக்கலை.

பம்பர் பிச்சுக்கிட்டு, சங்கிலியோட பறந்து டிராக்டர் மட்கார்டுல அடிச்சது. அண்ணன் இடுப்புக்கும் அந்த நசுங்கலுக்கும் ஒரு சாண்தான்.

சேசிஸ்ல இழுவைக்குன்னே கொக்கி இருக்கு, மேனுவல்ல படமே போட்டிருக்கு. எடை தாங்கும்னு அளவு போட்ட பட்டை கடையில கிடைக்குது. கயித்து மேல ஒரு கனமான சாக்கைப் போட்டா, அறுந்தாலும் வேகம் குறையும். ஆளுங்க கயித்தோட நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும். பதினஞ்சு லட்சம் கொடுத்து வண்டி வாங்கி, அதுல பாட்டுக்கு மட்டும் அறுபதாயிரம் செலவு பண்ணினவனுக்கு இதுக்குக் காசில்லையாம். சாகசம் இவனுது, இடுப்பு மட்டும் அந்த அண்ணனுதா?

கடைசியில அந்த அண்ணன்தான் சேத்துல படுத்து, கொக்கியைத் தடவிக் கண்டுபிடிச்சு, சங்கிலியை மாட்டி, மெதுவா வெளிய எடுத்தார். 1500 ரூபா கேட்டார்.

நம்மாளு சொன்னான்: "ரொம்ப ஜாஸ்திண்ணே, ஆயிரம் வெச்சுக்கங்க."