தண்ணி கேட்டா கோழையா? - காலேஜ் மைதானத்துல ஒரு கோடைக் கூத்து

மக்களே, இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் சூடான மேட்டர்.

கத்திரி வெயில் ஆரம்பிச்சா நம்ம ஊரு காலேஜ் மைதானங்கள் பலதுல ஒரு கூத்து நடக்கும். மத்தியானம் மூன்றரை மணிக்கு 5000, 10000 மீட்டர் ஓடுற பசங்களை வரிசையா நிக்க வச்சு, "இருபத்தஞ்சு ரவுண்டு, நடுவுல எவனும் தண்ணி கேக்கக் கூடாது"ம்பார் பி.டி. சார். எவனாவது தலை சுத்தி உக்காந்தா "என்னடா பொண்ணு மாதிரி"ன்னு நக்கல் வேற. (அதே மைதானத்துல பொண்ணுங்களும் ஓடிக்கிட்டுதான் இருப்பாங்க, அது தனிக் கொடுமை.) இதுக்குப் பேரு ஸ்டாமினா ஏத்துறதாம்.

என்னைக் கேட்டா இது பயிற்சி இல்லை, சூதாட்டம். அதுவும் அடுத்தவன் உசிரை வச்சு ஆடுறது.

பொட்டி தட்டுற பயலுக்கு இதுல என்ன தெரியும்னு கேப்பீங்க. நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சது இதுக்காவது உபயோகப்படட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருத்தன் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா சுமாரா 720 கிலோ கலோரி செலவாகும். அதுல முக்கால் பங்குக்கு மேல வெறும் சூடாத்தான் மாறும். அதை வெளிய தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானா சுமாரா 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். கவனிங்க, 'ஆவியானா'! கீழ சொட்டுற வியர்வைக்கு மார்க் கிடையாது. சென்னை, கடலூர், தூத்துக்குடின்னு கடலோர ஊர்ல காத்தே ஈரமா இருக்கும்போது பாதி வியர்வை சும்மா ஒழுகத்தான் செய்யும். கம்ப்யூட்டராவது ரொம்ப சூடானா தானா ஆஃப் ஆயிடும். 19 வயசுப் பையன் ஆஃப் ஆக மாட்டான். சார் பாத்துக்கிட்டு இருக்கார்ல!

உடனே மூணு பதில் வரும்.

ஒண்ணு, "நாங்கல்லாம் அந்தக் காலத்துல இப்படித்தான் ஓடினோம்." சரிண்ணே, உங்க கூட ஓட ஆரம்பிச்சு, ரெண்டாவது வாரத்துல மயங்கி விழுந்து, ஓட்டத்தையே விட்டவன் இன்னிக்கு வந்து உங்க பக்கத்துல நின்னு சாட்சி சொல்லவா போறான்?

ரெண்டு, "கென்யாக்காரன் வெயில்ல ஓடலையா?" கென்யாவோட பெரிய ஓட்டக்காரங்க பலர் பயிற்சி எடுக்கிற இடென் ஊர் சுமாரா 2400 மீட்டர் உயரத்துல இருக்கு. நம்ம ஊட்டியை விட உசரம். அங்க காலைல குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. முடிஞ்சா பசங்களை கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வேணாங்கலை.

மூணு, "ஓட ஓட பழகிடும்." இது பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. உடம்பு வெயிலுக்குப் பழகும். 10 முதல் 14 நாள்ல ரத்தத்தோட பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதுல உப்பு குறையும், இதயத் துடிப்பு இறங்கும். 2010ல வெளியான ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வுல 10 நாள் 40 டிகிரி சூட்டுல பழக்கின சைக்கிள் வீரர்கள், குளிர்ச்சியான சூழல்லயும் முன்னைவிட வேகமா ஓட்டினாங்க. ஆக வெயில் ஒரு மருந்து. மருந்துன்னா அளவு உண்டு. முதல் வாரம் அரை மணி நேரம், மெதுவா, கையில ஸ்டாப் வாட்ச் இல்லாம. அப்புறம் படிப்படியா. செமஸ்டர் எழுதிட்டு ஒரு மாசம் வீட்ல படுத்துக் கிடந்தவனை முதல் நாளே 10 கிலோமீட்டர் விரட்டினா அது மருந்தில்லை, விஷம்.

பழகினவங்களுக்கே வெயில் தயவு காட்டாது. 2019 தோஹா உலக தடகளப் போட்டி ஞாபகம் இருக்கா? சூட்டுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவுல வச்சாங்க. அப்பவும் கிளம்பின 68 பேர்ல 28 பேர் முடிக்கலை.

அடுத்து தண்ணி. குடிக்கவே கூடாதுங்கறது மடத்தனம். அதுக்காக குடம் குடமா குடிக்கறதும் சரியில்லை. 2002 பாஸ்டன் மாரத்தான்ல சோதிச்ச 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருந்தது. அந்த ஓட்டத்துல ஒரு பெண் அதுலயே இறந்தும் போனாங்க. தாகத்துக்குக் குடி, ஓடறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் எடை பாரு, உப்பு போட்ட மோரோ கஞ்சியோ எடுத்துக்கோ. இதுக்கு விளம்பரத்துல வர்ற கலர் தண்ணியெல்லாம் தேவையில்லை.

இப்போ முக்கியமான விஷயம். ஓடிக்கிட்டு இருக்கறவன் தள்ளாடுறான், சம்பந்தமில்லாம பேசறான், உடம்பு கொதிக்குதுன்னா அது வெப்பத் தாக்கு. 'வேர்க்குதே, அப்ப ஒண்ணுமில்ல'ன்னு விட்டுடாதீங்க, ஓடினவனுக்கு வேர்த்துக்கிட்டே கூட வரும். நம்மாளுங்க மூஞ்சில தண்ணி தெளிச்சு, சோடாவை வாய்ல ஊத்தி, ஆட்டோல ஏத்தி அனுப்புவாங்க. செய்ய வேண்டியது வேற. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டுட்டு, அந்த நிமிசமே ஐஸ் தண்ணித் தொட்டியில கழுத்து வரைக்கும் இறக்கணும், தலையைப் பிடிச்சுக்கணும். முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவுல ஃபால்மவுத் ஓட்டப் போட்டியில 18 வருசத்துல இப்படி வந்த 274 பேருக்கு ஐஸ் தொட்டி வைத்தியம் செஞ்சாங்க. 274 பேரும் பிழைச்சாங்க. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மீன் மார்க்கெட் ஐஸ் நாலு கட்டி. ஆண்டு விழா ஷாமியானா வாடகையை விட கம்மி!

ஏன் இவ்ளோ கத்தறேன்னா, இப்படி ஓடுற பசங்கள்ல நிறைய பேர் வசதிக்காரன் வீட்டுப் புள்ளைங்க இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, போலீஸ், ராணுவம், ரயில்வேன்னு ஓட்டத்தை நம்பி வந்தவங்க. சர்டிபிகேட்ல கையெழுத்து சார் கையில இருக்கு. அவன் எப்படி "முடியலை சார்"னு சொல்வான்? 2024ல ஜார்க்கண்ட்ல கலால் காவலர் வேலைக்கு 60 நிமிசத்துல 10 கிலோமீட்டர் ஓடச் சொன்ன தேர்வுல பத்துப் பேருக்கு மேல செத்துப்போனாங்க. வெயில் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா காலை 9 மணிக்கு மேல ஓட விடக் கூடாதுன்னு முதலமைச்சர் சொன்னது இத்தனை பேர் போனதுக்கு அப்புறம்தான். நிக்க முடியாத நிலைமையில இருக்கறவன்கிட்ட "நீயா நின்னுக்கோ"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை. நிறுத்த வேண்டியது விசில் வச்சிருக்கறவர்.

கேக்கறது நாலே நாலு: காலைல சீக்கிரம் பயிற்சி, ரெண்டு வாரம் படிப்படியா பழக்கம், எப்ப கேட்டாலும் தண்ணி, மைதான ஓரத்துல ஒரு ஐஸ் தொட்டி. இதுல எதுவும் ஸ்டாமினாவைக் குறைக்காது. பி.டி. சாரோட கெத்து வேணா கொஞ்சம் குறையலாம். குறையட்டுமே!

டிஸ்கி: உங்க தம்பியோ தங்கச்சியோ காலேஜ்ல ஓடறாங்கன்னா, "மைதானத்துல தண்ணி தர்றாங்களா"ன்னு இன்னிக்கே ஒரு வார்த்தை கேளுங்க.