கழற்ற முடிந்தால் பிழைக்கும்

தில்லி செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சவுக் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லஜ்பத் ராய் மார்க்கெட். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஜாக் என்று ஒலி சம்பந்தப்பட்ட சாமான்கள் குவிந்து கிடக்கும் சந்துகள். ஒரு காதில் மட்டும் கேட்கும் ஹெட்போனை இங்கே ஒரு ரிப்பேர்காரரிடம் நீட்டினால், அவர் கை முதலில் போவது ஸ்பீக்கருக்கு அல்ல. ஜாக்கின் கழுத்தருகே ஒயரைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பார். நின்றுபோன சத்தம் கரகரவென்று வந்து போனால் வியாதி பிடிபட்டுவிட்டது. உள்ளே தாமிர இழைகள் அறுந்திருக்கின்றன.

விலை 2,000 ரூபாயோ 40,000 ரூபாயோ, வியாதி பெரும்பாலும் இதுதான். ஹெட்போனில் முதலில் உயிரை விடுவது ஒயர். தலைமுடி போன்ற தாமிர இழைகளைச் சேர்த்துத் திரித்தது அது. தினமும் ஒரே இடத்தில் மடங்கும்போது இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. ஜாக் பக்கத்தில் அறுந்தால் கவலையில்லை. வெட்டிவிட்டுப் புது ஜாக் வைத்து சால்டர் செய்துவிடலாம். காதை மூடும் கிண்ணத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தில் அறுந்தால்தான் தலைவலி. கிண்ணத்தைப் பிரிக்க வேண்டும். சில மாடல்களில் அது பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இழைகள் மீதுள்ள எனாமல் பூச்சை நீக்க வேண்டும். சால்டரிங் சூடு கொஞ்சம் கூடினால் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் பாகம் இளகிவிடும். கடைசியில், கொஞ்சம் தாமிரத்துக்காக நன்றாக இருக்கும் ஹெட்போன் முழுவதும் குப்பைக்குப் போகிறது.

இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது: கழற்றி மாட்டக்கூடிய ஒயர். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997ல் கொண்டுவந்த எச்டி 600 நல்ல உதாரணம். இரண்டு கிண்ணங்களிலும் ஒயர் தனித்தனியாகச் செருகப்படுகிறது. ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஊசிகள். ஒன்று தடிமன், மற்றொன்று மெலிசு. இது அழகுக்காக அல்ல. ஊசிகள் ஒரே அளவாக இருந்தால் யாராவது திருப்பி மாட்டிவிடுவார்கள். ஒரு காதில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால், ஒரு பக்கத்து ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மறுபக்கத்து ஸ்பீக்கர் இழுக்கும். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகரின் குரல் இடம் தெரியாமல் சிதறும். 2003ல் வந்த எச்டி 650க்கும் நிறுவனம் அதே இணைப்பையே வைத்தது. பழையதன் ஒயர் புதியதற்குப் பொருந்தும்.

நல்ல கனெக்டர் நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். தலையை ஆட்டினால் கழலக் கூடாது. ஆனால் ஒயரில் கால் தடுக்கினால் கழன்றே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்போனே தரையில் விழும். இதோடு மின்தடையும் ஏறக் கூடாது. எச்டி 600ன் மின்தடை 300 ஓம் என்பதால் இணைப்பில் அரை ஓம் கூடினாலும் காதுக்குத் தெரியாது. காதுக்குள் செருகும் சில இயர்போன்களுக்கோ மொத்தமே 10 ஓம்தான். அங்கே அதே அரை ஓம் சின்ன விஷயமல்ல. தேய்ந்த இணைப்பில் தடை ஏறி இறங்கினால் கரகரப்பாகவே கேட்கும். தில்லிக் கோடையோ 45 டிகிரியைத் தொடும். வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். அதனால்தான் ஊசிகளுக்குத் தங்க முலாம். முலாம் தேய்ந்த பிறகு பாதுகாப்பு இல்லை.

இயர்போன்களில் இரண்டு வகை இணைப்புகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று எம்எம்சிஎக்ஸ். இது ஆன்டெனா போன்ற ரேடியோ கருவிகளுக்காகப் பிறந்தது. முழு வட்டமாகச் சுழலும் என்பதால் காதுக்குப் பின்னால் ஒயரை வளைத்துவிட வசதி. ஆனால் சுழலச் சுழலத் தேய்மானம். பொதுவாக 500 முறை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் இது உத்தரவாதம். தினம் ஒரு முறை என்றால் ஒன்றரை வருடம்கூட ஆகாது. மற்றொன்று இரட்டை ஊசி வகை. இதில் ஊசியின் தடிமன் 0.78 மி.மீ.; 0.75 மி.மீ. என்ற ரகமும் உண்டு. வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் தடித்த ஊசியைச் சின்னத் துளையில் அழுத்தினால் துளை விரிந்துவிடும். பிறகு சரியான ஒயரை மாட்டினாலும் தொளதொளவென்றுதான் நிற்கும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒயரின் மறுமுனையில், அதாவது ஆம்ப்ளிஃபயரில் செருகும் பக்கத்தில், இந்தத் தொல்லை குறைவு. 6.35 மி.மீ. ஜாக் 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. 3.5 மி.மீ. ஜாக் அதன் தம்பி. இரண்டும் எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் அல்ல. அதனால் எங்கும் கிடைக்கின்றன. காதுப் பக்கம் அப்படி ஓர் உடன்பாடு இல்லை. ஏகேஜி மூன்று ஊசி மினி எக்ஸ்எல்ஆர் வைக்கிறது. ஆடியோ டெக்னிகா 2014ல் எம்50எக்ஸ் மாடலில் ஒயரைக் கழற்ற வழிசெய்தது. ஆனால் திருகிப் பூட்டும் 2.5 மி.மீ. முனை. சென்ஹைசரே 2009ல் எச்டி 800க்கு வேறு இணைப்புக்கு மாறியது. கழற்ற முடிகிறது, ஆனால் கடைத்தெருவில் மாற்று கிடைப்பதில்லை என்றால், வாங்கியவர் மறுபடி கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும்.

லஜ்பத் ராய் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நுகர்வோர் விவகாரத் துறை இந்த மாதிரி விவகாரத்தைக் கையில் எடுக்காமல் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளம் திறக்கப்பட்டது. ஒரு சாதனத்தைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை 2025 மே மாதம் வந்தது. ஆனால் அது முதலில் பார்ப்பது செல்போனையும் டேப்லெட்டையும்தான். ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியபோது ஹெட்போனையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் சார்ஜ் செய்யும் ஹெட்போனுக்குத்தான் அந்த விதி. ஒயரில் ஓடும் ஹெட்போனைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஆகவே அதுவரை வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் பாட்டுக் கேட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒயர் கழலுகிறதா என்று கேட்கலாம். கழலும் என்றால் எந்த வகை இணைப்பு, அளவு என்ன, வேறு கம்பெனி ஒயர் பொருந்துமா, தனி ஒயரின் விலை என்ன என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், அந்த ஹெட்போன் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அதன் ஆயுள் ஒயரின் ஆயுள்தான்.