கையறிவும் நூலறிவும்

எம். புதுப்பட்டி முதலிய சிவகாசி வட்டார ஊர்களில் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவை பாடநூலைத் திறப்பதற்கு முன்பே அறிமுகமான பெயர்கள். அந்த வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையை, 1280ஆம் ஆண்டளவில் விரிவாக எழுதிவைத்தவர் சிரிய நாட்டு அறிஞர் ஹசன் அல் ரம்மாஹ். வெடியுப்பை நீரில் கரைத்துக் காய்ச்சி, மரச்சாம்பல் சேர்க்குமாறு அவர் கூறுகிறார். சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட்டு, ஈரத்தை ஈர்க்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளை வீழ்படிவாக்கி நீக்கிவிடுகிறது. இதனை விளக்கும் வேதியியல் பிற்காலத்தில்தான் வளர்ந்தது. ஆயினும், முன்னோரும் தொழில் வல்லுநரும் கையால் அறிந்ததை அவர் ஏட்டில் ஏற்றினார்.

இசுலாமிய அறிவு மரபில் இத்தகைய இணைப்பு புதியதன்று. சமயக் கடமைகளே அங்கு அறிவியல் வினாக்களை எழுப்பின. தொழுகை நேரத்தைக் கணிக்க வானியல் தேவைப்பட்டது. டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் இப்னு அல் ஷாதிர், 1371இல் அங்குச் சூரியக் கடிகாரம் அமைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிசுமி எழுதிய இயற்கணித நூலின் ஒரு பெரும்பகுதி, மரபுரிமைச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளைப் பற்றியது.

பின்னாளில் மதரசாக்கள் பலவற்றில் கணிதமும் வானியலும் சுருங்கின. நூல்களை ஓதுவதே மிகுந்தது. தமிழகத்தில் இசுலாமியப் பெருமக்கள் இவ்விடைவெளியை உணர்ந்து கல்லூரிகளை நிறுவினர். திருச்சிராப்பள்ளி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றியவை. எனினும், ஓதுவதோடு நின்றுவிடும் குறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. வீழ்படிவு வினையை மனப்பாடம் செய்துவிட்டு, சோதனைக்குழாயைத் தொடாமலே தேர்ச்சி பெறும் மாணவரிடமும் அது உண்டு.

கைப்பழக்கம் உள்ளவர்க்கு நூல் எதற்கு என்று வினவுவோர் உளர். பழகிய கலவைக்குப் பழக்கம் துணைநிற்கும். கலவை மாறினால் என்செய்வது? 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. மாற்றுக் கலவைகளைக் கையாள்வோர், எது உராய்வில் பற்றும், எது ஈரத்தில் சூடேறும் என்பதைக் காரணத்தோடு அறிதல் வேண்டும். அறியாமைக்கு இங்கு விலை மதிப்பெண் அன்று, உயிர்.

ஆகவே, தொழிலாளியின் அனுபவம் வகுப்பறைக்குள் வரவேண்டும். வகுப்பறையின் வேதியியல் தொழிற்கூடத்துக்குள் செல்லவேண்டும். ஹசன் அல் ரம்மாஹ் தம் காலத்தில் செய்தது இதன் முதற்பாதி. மறுபாதியைச் செய்யும் பொறுப்பு, இன்று வேதியியல் பயிலும் உங்களுடையது.