சில்ட்ரன்ஸ் என்றவனும் சிரித்தவர்களும்

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போனால் இன்ஜினியரிங் கல்லூரிகள்தான். அதில் ஒன்றில் படித்தேன். கடைசி வருட ப்ளேஸ்மென்ட் பயிற்சியில், மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நண்பன் எழுந்து, தன் அக்காவுக்கு "டூ சில்ட்ரன்ஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. "எந்த ஸ்கூல்டா நீ?" என்றார் பயிற்சியாளர். நானும் சிரித்தேன். பயிற்சி முடியும்வரை அவன் மறுபடி வாயே திறக்கவில்லை.

இன்று நான் இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கோடு நன்றாக எழுதியவனையும் "கம்யூனிகேஷன் வீக்" என்று கழித்துவிடுகிறார்கள். என்னவென்று விசாரித்தால் 'ஸ்டாஃப்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று சொல்லியிருப்பான். அவ்வளவுதான் குற்றம்.

அந்தக் குற்றத்தின் பூர்வீகத்தைப் பார்ப்போமா? ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'சைல்ட்' என்பதன் பன்மை 'சில்டர்'. அதுவே முழுமையான பன்மைதான். ஆனால் போகப்போக அது பன்மையாகக் காதில் விழவில்லை. 'ஆக்ஸன்' என்பதில் இருக்கிற பன்மை விகுதியை எடுத்து அதன்மேல் இன்னொரு முறை ஒட்டினார்கள். அப்படி வந்ததுதான் 'சில்ட்ரன்'. என் நண்பன் மூன்றாவது விகுதியை ஒட்டினான். இங்கிலாந்துக்காரன் செய்தால் இலக்கணம், மதுராந்தகத்துக்காரன் செய்தால் காமெடி.

உச்சரிப்பு இதைவிட மோசம். 'வுமன்' பன்மையில் 'விமின்' ஆகிறது. எழுத்து மாறுவது சொல்லின் பின்பாதியில், ஓசை பளிச்சென்று மாறுவதோ முன்பாதியில். பழைய 'வீஃப்மன்' என்ற சொல்லில் இருந்த இகர ஓசை ஒருமையில் உகரமாகத் திரிந்தது, பன்மையில் தப்பித்தது. ஸ்பெல்லிங்கில் இரண்டுக்கும் 'ஓ' என்ற ஒரே எழுத்து. எந்த விதியை வைத்து இதை ஒருவன் ஊகிப்பான்? காதால் கேட்டிருந்தால்தான் தெரியும். ஆக, நாம் சோதிப்பது மூளையை அல்ல, அவன் வீட்டில் யார் ஆங்கிலம் பேசினார்கள் என்பதை.

ரூபி ஆன் ரெயில்ஸில் 'பெர்சன்' என்று கிளாஸ் எழுதினால், அது தானாகவே 'பீப்பிள்' என்ற டேபிளைத் தேடும். அதன் புத்திசாலித்தனம் என்பது யாரோ கையால் எழுதிவைத்த விதிவிலக்குப் பட்டியல். கம்ப்யூட்டருக்குப் பட்டியல் கொடுக்கிறோம், மனிதனுக்குக் கேலி.

நம் வீட்டுக்கு வாருங்கள். தொல்காப்பியம் 'கள்' விகுதியை அஃறிணைக்குத்தான் சொல்கிறது. 'அவர்' என்பதே பன்மை. ஒருவரையே மரியாதையாக 'அவர்' என்கிற நாம், பலரைச் சொல்ல 'அவர்கள்' என்கிறோம். இரட்டைப் பன்மை! குறளிலேயே 'பூரியர்கள்' இருக்கிறது. நம் ஹெச்ஆர் வள்ளுவருக்கும் "கம்யூனிகேஷன் வீக்" போட்டிருப்பார். 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று ஃபேஸ்புக்கில் வருஷா வருஷம் அடித்துக்கொள்கிறவர்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அவர்கள்' போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

அப்போ 'சில்ட்ரன்ஸ்' சரியா? இல்லை. இன்றைய வழக்கு 'சில்ட்ரன்', அதைச் சொல்லித்தர வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதை மனப்பாடப் பட்டியலாகச் சொல்லித்தர வேண்டுமே தவிர, அறிவின் அளவுகோலாக நீட்டக் கூடாது.

அவன் அன்று சொன்னது இவ்வளவுதான்: அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். சிரித்த எங்களில் அது புரியாதவர் ஒருவருமில்லை.