வீல் நட்டைக் கழற்ற 1000 நியூட்டன் மீட்டர் எதற்கு?

"கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் எது வாங்கலாம் டாக்டர்?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுகர், பிரஷர் பற்றி எழுதுற ஆள்கிட்ட ஏன் இந்தக் கேள்வின்னு புதுசா வந்தவங்க நினைக்கலாம். என் கார் டயரையும் பிரேக் பேடையும் நானே கழற்றி மாட்டுவேன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். தவிர, கேட்ட மூவரில் ஒருவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. இன்னொருவருக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகிறது. அவர்களுக்கு இது வெறும் மெஷின் கேள்வி இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு நடுத்தர சக்தி உள்ள மெஷின் போதும். அதைக் கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முறுக்கு கை டார்க் ரெஞ்சில்தான். இந்த இரண்டாவதை வாங்க மனசில்லைன்னா முதலாவதையும் வாங்காதீங்க.

ஏன்?

ஒரு சின்ன கணக்கு. டார்க் என்பது நீங்கள் கொடுக்கும் பலத்தை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கினால் வருவது. டிக்கியில் காரோடு வரும் எல் ஸ்பேனர் சுமார் 25 செ.மீ. நீளம் என்று வைப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது சுமார் 147 நியூட்டன் மீட்டர். நம்ம ஊரில் ஓடும் சின்ன கார்களின் வீல் நட்டுக்குத் தேவையான முறுக்கு பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். (உங்க காருக்கு எவ்வளவு என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அந்தப் புத்தகத்தை ஒரு தடவையாவது திறந்து பாருங்க சார்.) அதாவது, மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கிய, துருப்பிடிக்காத நட்டை 60 கிலோ உள்ள ஒருவரால் கழற்றிவிட முடியும். கார் கம்பெனி அந்தக் குட்டி ஸ்பேனரைத் தைரியமாகக் கொடுத்திருப்பது அதனால்தான்.

இப்போ டயர் கடையில் நடப்பதைப் பாருங்க. ஏர் கன்னை நட்டில் வைத்து, சத்தம் மாறிய பிறகும் இன்னும் ரெண்டு செகண்ட் அழுத்துவார்கள். நட்டு எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுகியது என்று கன்னைப் பிடித்தவருக்கே தெரியாது. 250, 300 தாண்டினாலும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. அது தெரிய வருவது ராத்திரி 10 மணிக்கு, விழுப்புரம் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் டயர் போகும்போது. ஸ்டெப்னியில் காற்று இருக்கும், ஜாக் இருக்கும், ஸ்பேனர் இருக்கும். நட்டு மட்டும் அசையாது. ஓட்டிப்போனது உங்க மனைவியோ கல்லூரி படிக்கிற மகளோ என்றால் என்ன செய்வார்கள்?

பெட்டி மேல் 1000 என்று போட்ட மெஷினை வாங்கி வந்து நீங்களே முறுக்கினால், அதே காரியத்தை வீட்டிலேயே செய்கிறீர்கள். போதாக்குறைக்கு வீல் ஸ்டட் நீண்டுவிடலாம், உடையலாம். நட்டுகள் ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறாக இறுகினால் பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிரலாம்.

அப்படியானால் இந்த மெஷினே வேண்டாமா? வேண்டும். அது வேலை செய்யும் விதம் அப்படி. உள்ளே ஒரு சின்ன சம்மட்டி சுழன்று சுழன்று, சாக்கெட் மாட்டியிருக்கும் தண்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தட்டுகிறது. ஒவ்வொரு தட்டும் நட்டுக்குப் போகிறது, உங்கள் மணிக்கட்டை முறுக்குவதில்லை. டிரில் பிட் சுவரில் சிக்கினால் கையை எப்படி உதறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்த உதறல் இதில் மிகக் குறைவு. மூட்டுவலி உள்ளவர்களுக்கும், குந்தி உட்கார்ந்து ஸ்பேனரை மேல்நோக்கி இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவி. மூச்சைப் பிடித்து முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த முக்கலும் மிச்சம். (ஸ்டென்ட் வைத்த நண்பரே, டயரைத் தூக்கி மாட்டுவதும் பாரம்தான். அதை உங்க கார்டியாலஜிஸ்ட்டிடம் கேட்ட பிறகு செய்யுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இந்த மாதிரி மோட்டார் கருவிகளைப் பேஸ்மேக்கர் இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே பிடிக்க வேண்டும். மார்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது.)

சரி, கடைக்குப் போவோம். "இம்பாக்ட்" என்று மட்டும் கேட்டால் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். இம்பாக்ட் டிரில் சுவரில் ஓட்டை போட. இம்பாக்ட் டிரைவர் ஸ்க்ரூ முடுக்க, அதன் வாய் கால் இன்ச் அறுகோணமாக இருக்கும். நமக்கு வேண்டியது இம்பாக்ட் ரெஞ்ச், முனை அரை இன்ச் சதுரம். சதுரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பெட்டி மேல் இருக்கும் எண். உருப்படியான கம்பெனிகள் இரண்டு எண் தருவார்கள்: முறுக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு, இறுகிய நட்டைக் கழற்றும்போது எவ்வளவு. உதாரணத்துக்கு மகிட்டா டிடிடபிள்யூ300 மாடலில் முறுக்க 330, கழற்ற 580 நியூட்டன் மீட்டர். பெரிய எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது கழற்றும் எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயர் கடையில் கண்டபடி இறுக்கிய நட்டுக்கும் சஸ்பென்ஷன் போல்ட்டுக்கும் இந்த 330/580 வகை போதும். 1000 வகை மெஷின் லாரிக்காரர்களுக்கு. பேட்டரியோடு 3 கிலோவுக்கு மேல் கனக்கும், அதைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் தோள்பட்டை பதில் சொல்லும்.

வோல்ட்டேஜ் மோசடி தனிக்கதை. ஆன்லைனில் 48, 88, 128 என்றெல்லாம் போட்டு, பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இரண்டைச் சேர்த்து மூவாயிரம் நாலாயிரத்துக்கு விற்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது வரிசையாக இணைத்த 5 லித்தியம் செல்கள்தான். ஒரு செல் சாதாரணமாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் 20, 21. ஆகவே 18, 20, 21 மூன்றும் ஒரே அண்ணன் தம்பிகள். 128 என்பது வெறும் ஸ்டிக்கர்.

நான் பார்ப்பது இவ்வளவுதான்: 18 வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார், மூன்று வேக அமைப்பாவது இருக்க வேண்டும், நட்டு கழன்றதும் தானாக நிற்கும் வசதி இருந்தால் நல்லது, பேட்டரி 4 ஆம்பியர் ஹவர். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி சிக்கனம் போலத் தெரியும், ஆனால் பிடிவாதமான நட்டில் திணறும். ஏற்கெனவே வீட்டில் ஒரு கம்பெனியின் டிரில் இருந்தால் அதே பேட்டரி சேரும் மெஷினை வாங்குங்கள். போஷ், மகிட்டா, டிவால்ட் எதுவாக இருந்தாலும், உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் எது பக்கம் என்று பாருங்கள். அதற்கு மேல் பிராண்ட் சண்டைக்கு நான் வரவில்லை.

மெஷினை விட எனக்குக் கவலை சாக்கெட் பற்றி. வீட்டில் இருக்கும் பளபளப்பான வெள்ளி நிற சாக்கெட் கையால் திருப்ப மட்டுமே. அதை இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டினால் விரிசல் விட்டுத் தெறிக்கலாம். இதற்கென்று கறுப்பு நிறத்தில் கனமான இம்பாக்ட் சாக்கெட் உண்டு, அதைத்தான் மாட்ட வேண்டும். கூடவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி.

தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் துளைத்துப் போகும்போது பல நேரம் பெரிதாக வலிக்காது. தூசி விழுந்தது என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து, மாதக்கணக்கில் விழித்திரையை அழித்துவிடும். எனவே, சுத்தியலோ இம்பாக்டோ பயன்படுத்தும்போது கண்ணில் ஏதோ பட்டது, பார்வை மங்குகிறது என்றால் கசக்காதீர்கள், நீங்களே எடுக்க முயலாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணை அழுத்தாமல் மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். "இரும்பு பட்டிருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் எம்ஆர்ஐ எடுத்தால் காந்தம் அந்தத் துணுக்கை உள்ளேயே நகர்த்திவிடும்.

சத்தம் பற்றியும் கேட்டிருந்தார்கள். இந்த மெஷின்கள் 100 டெசிபலை ஒட்டிப் போடும். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் வரை அனுமதிக்கிறது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு நாளைக்கு 15 நிமிடம். நாலு வீலுக்கு உங்களுக்கு ரெண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில் சத்தம் சுவரில் மோதி எதிரொலிக்கும், பஞ்சு இயர்பிளக் வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வும் அப்படித்தான், வீட்டு உபயோகத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பிய விதியின் கணக்குப்படி, 10 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் அதிரும் கருவியை நாளுக்கு 30 நிமிடம் பிடித்தாலே முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 2 மணி நேரம்தான் உச்சவரம்பு. நாள் முழுக்க ஏர் கன் பிடிக்கும் டயர் கடைத் தம்பிக்குத்தான் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். அவர் காதில் எதுவும் வைத்திருப்பதை நான் பார்த்ததே இல்லை.

லுங்கி, தொங்கும் துப்பட்டா, தொளதொள பனியன் துணி கையுறை எதுவும் வேண்டாம். சுற்றும் சாக்கெட்டில் துணி மாட்டினால் விரலும் சேர்ந்தே போகும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

ஜாக் பற்றி ஒரே பேச்சு. காரோடு வரும் ஜாக் டயர் மாற்ற மட்டும். அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையோ காலோ போகக் கூடாது, அஞ்சு நிமிடம் என்றாலும் கூடாது. பிரேக் பேட் வேலை என்றால் ஜாக் ஸ்டாண்ட் போட்டே ஆகணும். சின்ன கார்கூட 900 கிலோ. நெஞ்சில் இறங்கினால் விலா எலும்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும், நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கும், ஆம்புலன்ஸ் வர அது போதாது. மெஷின் இருக்கே என்று தூக்கிய பிறகு நட்டைத் தளர்த்தவும் வேண்டாம். டயர் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக். திரும்ப மாட்டும்போது முதல் நாலு சுற்று விரலால், நட்சத்திர வரிசையில் ஸ்பேனரால் ஒட்டவைத்து, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச். 50, 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டெப்னி மாற்றுகிறவருக்கு இந்த மெஷின் தேவையே இல்லை. 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் வாங்குங்கள். 60 கிலோ ஆள் சின்ன ஸ்பேனரில் ஏறி நின்று எடுத்த அதே 147 நியூட்டன் மீட்டரை அதில் 25 கிலோ அழுத்தத்தில் எடுத்துவிடலாம்.

மெஷின் வாங்கியவர்களும் அதை அவசரத்துக்கு என்று டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். பேட்டரியை 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று மகிட்டாவின் கையேட்டிலேயே இருக்கிறது. சென்னை மே மாத வெயிலில் மூடி நிறுத்திய கார் அதைச் சாதாரணமாகத் தாண்டும். டிக்கியில் இருக்க வேண்டியது அந்த நீளக் கம்பியும் உங்க நட்டுக்குச் சேரும் சாக்கெட்டும். 17, 19, 21 மி.மீ. இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், இன்னைக்கே ஒரு தடவை மாட்டிப் பார்த்துடுங்க.