மலைப்பாதைக்கு ஏற்ற வண்டி: குறுகியதா, நீண்டதா?

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர் இருவர் ஓரிடத்திற் கூடினால், பேச்சு எங்குத் தொடங்கினும் ஈற்றில் வண்டியிலே வந்து நிற்பது வழக்கம். கெலிஓயாச் சந்தியிலே பேராதனை – கம்பளை வீதியோரத்தில் நின்று இவ்வழக்கை நடத்துவோர்க்கு நேரம் போவதே தெரிவதில்லை. பெருவீதியில் ஓடும் வண்டி எதுவாயினும் கேடில்லை. வீதியை விட்டு விலகித் தேயிலை மலைகளின்மேல் ஏறும் ஒற்றைப் பாதைக்கு எவ்வண்டி பொருந்தும் என்பதே வினா. முன் பின் சக்கரங்களின் இடைவெளி குறுகியதாய் இருத்தல் நன்றா, நீண்டதாய் இருத்தல் நன்றா?

இவ்வினா புதியதன்று. 1948ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் முதன்முதல் வெளிவந்தபோது அவ்விடைவெளி 80 அங்குலமாயிருந்தது. 1954இல் 86, 107 அங்குலம் என இரு வகை செய்தனர். 1956இல் அவை 88, 109 ஆயின. அவ்வண்டிகளுட் சில நம் மலைகளில் இன்றும் ஓடுகின்றன. இக்காலத்துச் சுசுக்கி ஜிம்னியும் அதே கதையைத்தான் சொல்கிறது. மூன்று கதவு வண்டிக்கு 2250 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழப் பழைய 88 அங்குலம். ஐந்து கதவு வண்டிக்கு 2590. கனடாவிற் குடியேறிய நம் பழைய மாணவர்க்கோ இவ்வழக்கு வேறு கோலத்தில் வரும். 1959இல் பொம்பார்டியே என்பார் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்கீடூ முதலிய பனிவண்டிகளுக்குச் சக்கரம் இல்லை. இறப்பர்ப் பட்டியே பனியைத் தள்ளி வண்டியைச் செலுத்தும். வெட்டிச் செப்பனிட்ட தடத்தில் 129 அங்குலப் பட்டி சடுதியில் வளையும். 137 அங்குலப் பட்டி மேடுபள்ளங்களைப் பாலம்போற் கடக்கும். ஆழ்ந்த பனியில் மிதப்பதற்கு அதனினும் நீண்டதே வேண்டும்.

நம் மலைக்கு மீள்வோம். குறுகிய வண்டியின் கட்சி வலியது என்பதை மறுப்பதற்கில்லை. கணிதம் பயிலும் மாணவர் தாளும் பென்சிலும் எடுத்து இதனைத் தாமே கண்டுகொள்ளலாம். முன்னச்சு 25 அடி ஆரையுள்ள வட்டத்தில் வளையும்போது, 88 அங்குல வண்டியின் பின்னச்சு ஏறத்தாழ 13 அங்குலம் உட்பக்கமாக விலகிச் செல்லும். 109 அங்குல வண்டியிலோ அவ்விலகல் 20 அங்குலத்துக்கும் சற்று மேல். ஏழங்குல வேறுபாடுதானே என்று நகைப்பவர் தோட்டப் பாதையைக் கண்டறியாதவர். மலைமூக்கைச் சுற்றும் முடக்கிலே உட்பக்கம் மலையாதலின், பின்சக்கரம் தவறினால் கானுவில் இறங்கும்; அவ்வளவே. ஓடை மடிப்பைச் சுற்றும் முடக்கிலே உட்பக்கம் பள்ளம். அங்கே அந்த ஏழங்குலம் உயிரின் விலை.

இவையெல்லாம் உண்மையாயினும், நான் நீண்ட வண்டியின் கட்சியையே சார்கிறேன். காரணம் வண்டியின் பொறியில் இல்லை, அதில் ஏறுவோரிடத்தில் உளது. தனியொருவர் மலை பார்த்துவர விரும்பினால் குறுகிய வண்டியை மனநிறைவோடு வாங்கலாம். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் லயன் அறைகளிலிருந்து நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் கருப்பிணிக்கும், கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்க்கும் வேண்டுவது கால் நீட்டிப் படுக்கும் இடம். 88 அங்குல லாண்ட் ரோவரின் பின்தட்டிலே வளர்ந்த மனிதர் ஒருவர் நீட்டிப் படுக்க இயலாது. மேலும், குறுகிய வண்டி ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னுமாகத் தூக்கியெறியும். அத்துன்பத்தைச் சாரதி பெரிதும் அறியார், பின்னே கிடப்பவரே அறிவார். குறுகிய வண்டி எளிதிற் கவிழாது என்று சொல்வாரும் உளர். பக்கவாட்டிற் கவிழ்வதைத் தீர்மானிப்பவை சக்கரங்களின் குறுக்ககலமும் பாரத்தின் உயரமுமே. அவ்விருவகை லாண்ட் ரோவர்க்கும் அந்தக் குறுக்ககலம் ஒன்றே.

முடக்கை என் செய்வது? ஒருமுறை பின்வாங்கித் திருப்பலாம் என்பர் சாரதிகள். பகலிலே, மழையில்லாத வேளையிலே அது சரி. இரவில், நோயாளியோடு, பள்ளத்து விளிம்பிலே பின்வாங்குவதை நான் ஒப்பேன். முடக்கையே வெட்டி அகலமாக்குதல் வேண்டும். வண்டியை இழுத்து நீட்ட முடியாது. மண்ணை வெட்ட முடியும். கண்டி – மகியங்கனை வீதியிலே பதினெட்டு முடக்கு எனப் பேர்பெற்ற இடத்தை அகலப்படுத்தியது இதே நோக்கத்தாலன்றோ? மண்ணை வெட்ட இயலாத இடத்திற் பொறியியலார் வேறு வழி கண்டதுண்டு. மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் 44 அடிக்கு ஓரடி ஏற்றமும் ஐந்து சங்கிலி ஆரையுள்ள வளைவுகளும் இருத்தலின், 1927 முதல் காரற் என்னும் நீண்ட எஞ்சினைக் கொணர்ந்தனர். நடுவிலே கொதிகலன், இருபுறமும் தனித்தனியே திரும்பும் சக்கரத் தொகுதிகள். நீளத்தையும் வளைவையும் ஒருங்கே பெற்ற அருமையான அமைப்பு அது. ஜீப்புக்கு அது கைகூடாது.

ஆதலின், வெளிநாட்டிலிருந்து பொருள் அனுப்பித் தம் தோட்டத்து மக்களுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கக் கருதும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் முழுவதையும் வண்டியிலேயே இடவேண்டாம். நீண்ட வண்டியைப் பழையதாகவேனும் வாங்கி, மிகுந்ததைப் பாதைக்கு ஒதுக்குக. பின்னிருக்கைகள் பக்கச் சுவரோடு மடியத்தக்கனவாய் இருக்கட்டும். முடக்குகளுள் முதலில் வெட்டப்படவேண்டியவை ஓடை மடிப்பில் உள்ளவை. மூக்கைச் சுற்றுவன அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம்.